பயனாளர் சதாசிவம்

இனி இந்தப் பூமியில் மறதியால் வழிதவறுபவர் எவரும் இருக்கப்போவதில்லை. த்ரீ கிங்ஸ் மண்டபத்தில், இங்கு குடியேறிய தமிழர் நாற்பது பேருக்கு முன்னால் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினேன். அந்த மண்டபத்தின் வாசலைக் கண்டுபிடிக்க அன்று காலை காரில் இரண்டு முறை சுற்றியதைச் சொல்லவில்லை.

கருவி என்னுடையது. ஞாபகம் மங்கியவர்கள் கட்டடங்களுக்குள் தனியாக நடக்க உதவுவது. உடம்பில் ஒரு சின்ன வில்லை, காதில் தமிழில் வழி சொல்லும் குரல். வில்லை இருக்கும் இடம் திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். பயனாளர் என் அப்பா சதாசிவம். கைக்கடிகாரத்தில் வில்லையை வைத்தால் அதைக் கழற்றிக் குளியலறையில் விட்டுவிடுவார். சப்பாத்து இல்லாமல் மட்டும் வெளியே இறங்கமாட்டார். ஆகவே சப்பாத்தின் உள்ளடிக்குள் வைத்தேன். நியூ லின் கடைத்தொகுதியில் மூன்று வாரம் ஒத்திகை பார்த்தோம். ஒருமுறையும் பிசகவில்லை.

சோதனை எளிது. மண்டப வாசலிலிருந்து நடைபாதை வழியே கழிப்பறைக்கு அவர் தனியாகப் போகவேண்டும். சோதனை நிஜமாக இருக்கட்டும் என்று, வரும் வழியிலேயே ஒரு போத்தல் தண்ணீரை முழுக்கக் குடிக்க வைத்திருந்தேன்.

"அப்பா, ஒருத்தரிட்டயும் வழி கேக்கக்கூடாது. காதுக்குள்ள சொல்றபடி போங்கோ, என்ன?"

"ஓம் ஓம். உன்ர மானத்தை வாங்கமாட்டன்."

வாசலில் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். விளக்கைக் கண்டதும் எல்லோரையும் போல அப்பா சப்பாத்தைக் கழற்றினார். நானும் கழற்றினேன். அவருடைய சோடியை ஓரமாக அடுக்கி வைத்ததும் நான்தான்.

அவர் நடைபாதையில் நடக்கத் தொடங்கினார். நான் உள்ளே போய்த் திரைக்கு முன்னால் நின்று பேசினேன்.

முன்வரிசையிலிருந்த நிலானி அக்கா கேட்டார். "தம்பி, புள்ளி வாசலிலயே நிக்குது. அசையேல்லையே?"

"பயனாளர் சூழலை உள்வாங்குகிறார், அக்கா."

கைதட்டினார்கள். அவர் இருபது நிமிடம் உள்வாங்கினார்.

சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கௌரி வந்து என் காதருகே சொன்னார். "யசீகரன், உங்கட அப்பா ஸ்டோர் ரூம் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். என்ன மாமா தேடுறியள் எண்டு ரெண்டு தரம் கேட்டன். ஒண்டுமில்லையாம்."

ஓடினேன். சப்பாத்து வாசலில் இருந்ததால் காதுக்குள் குரலும் அவர் இன்னும் வாசலில் நிற்பதாகவே வழி சொல்லிக்கொண்டிருந்தது: நேராகப் பத்து அடி நடக்கவும். அப்பா பத்து அடி நடந்திருக்கிறார். மறுபடி பத்து அடி. சுவர் வந்தபின் நின்றிருக்கிறார்.

"கௌரியிட்டக் கேட்டிருக்கலாமே, அப்பா?"

"நீயெல்லோ கேக்கவேண்டாம் எண்டனி."

காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இதை மட்டும் மறக்கவில்லை.

காற்சட்டை முழங்காலுக்குக் கீழும் நனைந்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கௌரி ஒன்றும் காணாதவர் போலத் தரை துடைக்கும் துணியை எடுக்கப் போனார்.

நான் காருக்குப் போய்ப் பின்பெட்டியைத் திறந்தேன். கருவி இடையில் நின்றுவிடக்கூடாதென்று கொண்டுவந்த பவர் பேங்க் ஆறு இருந்தன. மாற்றுக் காற்சட்டை இல்லை.