இருபத்தொன்றாவது பாடம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்குச் 'சைலன்சர்' என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் யாரோ வைத்தது; இருபத்தாறு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார். அவ்வளவுதான், வேறு குறை எதுவும் கிடையாது.

அப்படிப்பட்டவர் போனில் ஒரு ஆப்பை இறக்கிவைத்துக்கொண்டு இன்னொரு மொழி படிக்கிறார் என்று தெரிந்ததும் அவர் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தமிழ்லயே நாலு வார்த்தை பேச யோசிக்கிற ஆளு நீங்க. இன்னொரு பாஷையும் கத்துக்கிட்டு, அதுலயும் பேசாம இருக்கப் போறீங்களா?"

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காரணம் இருந்தது, எடுத்துச் சொல்லத்தான் வரவில்லை.

காரணம் சம்பந்தி. அவருடைய ஒரே மகள் வேற்றுமொழிக்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார். மகள் அவர்கள் மொழியை அருவி மாதிரி கொட்டுவாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் தமிழில் ஒரு சொல் தெரியாது. தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து ஆறு வருடம். ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி, தனியாக இருந்தார்.

மகள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடுவார்கள். சம்பந்திகள் இருவரையும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். முதல் பத்து நிமிடம் மகளோ மாப்பிள்ளையோ நடுவில் நின்று மொழிபெயர்ப்பார்கள். பிறகு சமையலறையில் ஏதாவது தீய ஆரம்பிக்கும், போய்விடுவார்கள். இருவரும் டிவியில் வானிலை அறிக்கை பார்ப்பார்கள். மழை வரும் என்று படம் காட்டினால் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள்.

ஒருமுறை இவர் போனில் மொழிபெயர்க்கும் வசதியை வைத்துப் பார்த்தார். போன் ஒரு பெண் குரலில் பேசியது. சம்பந்தி குனிந்து, போனைப் பார்த்து, போனுக்கே மரியாதையாகப் பதில் சொன்னார். அதற்குப் பிறகு இவர் அதை எடுக்கவில்லை.

கிளம்பும்போது சம்பந்தி எப்போதும் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிறையப் பேசுவார். ஒரு முழு நிமிடம் இருக்கும். மகள் பக்கத்திலிருந்து, "பத்திரமா போயிட்டு வாங்கன்னு சொல்றாருப்பா" என்பாள்.

இவ்வளவு நீளமாகச் சொன்னதற்கு இவ்வளவுதானா? அன்றைக்கு ரயிலில் வரும்போது அது உறுத்தியது. மறுநாள் ஆப்பை இறக்கினார்.

கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைதான் அவருடைய பள்ளிக்கூடம். எண்ணெய் போட்டுவிட்டு, கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து போனை எடுப்பார். மோட்டார் இரைச்சலில் வெளியே ஒன்றும் கேட்காது. 'இது ஒரு வாத்து. வாத்து தண்ணீர் குடிக்கிறது. என் சகோதரி ஜன்னலைத் திறக்கிறாள்.' அவருக்குச் சகோதரி இல்லை. இருந்தாலும் உரக்கச் சொன்னார். நான்கு மாதத்தில் இருபது பாடம் முடிந்தது.

ஒரு வியாழக்கிழமை, இருபத்தொன்றாவது பாடத்தைத் தொட்டபோது பூட்டுப் படம் வந்தது. இதற்கு மேல் ஒரு வருடச் சந்தா கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டினால் பாதி விலை. அந்தப் பாதியே ஒரு ஜோடி நல்ல வேலை ஷூவின் விலை. முடியாத தொகை இல்லை. ஆனால் யோசிக்காமல் தூக்கிக் கொடுக்கிற தொகையும் இல்லை.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார்.

"வருஷத்துக்கு ஆறு தடவை பார்க்கிறீங்க அவரை," என்றாள் அவள். கிண்டல் இல்லாமல், நிதானமாகத்தான் சொன்னாள். "அதுலயும் பாதி நேரம் சாப்பாட்டுல போயிடுது. சொல்றதுக்கு நம்ம பொண்ணு இருக்கா, மாப்பிள்ளை இருக்காரு. இன்னும் என்னங்க வேணும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"கட்டாதீங்கன்னு நான் சொல்லலை. எதுக்குன்னு உங்களுக்கே தெரியணும்ல?"

அவள் கேட்டது நியாயம். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் கதவருகே முழங்காலிட்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "நான் வந்துட்டேன். காத்து வருது, பயப்படாதீங்க. கீழ விழாது. பத்து நிமிஷம். நான் இங்கதான் இருக்கேன்." இத்தனை வருடத்தில் மாட்டிக்கொண்ட எல்லோரிடமும் இதே வாக்கியங்கள்தான். ஒன்று கூடுதலாகச் சொன்னதில்லை. வெளியே வந்த பெண் அவர் கையைப் பிடித்து, "நீங்க பேசிட்டே இருந்ததாலதான் தைரியமா இருந்தேன்" என்றாள். கூட வந்த உதவி மெக்கானிக், "யாரு, சைலன்சரா பேசிட்டே இருந்தாரு?" என்று சிரித்தான். அவரும் சிரித்தார். ஆனால் பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஐந்தாறு வாக்கியங்களையே நினைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை மகள் பெட்டியோடு வந்து நின்றாள்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளையை ஒரு வருடம் வேறு ஊருக்கு மாற்றலில் போகச் சொல்லிக் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். அவர் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவளுக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் போன மாதம்தான் பதவி உயர்வு. மாற்றல் விஷயத்தை மாப்பிள்ளையின் நண்பன் மனைவி வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"நான் என்ன அந்த வீட்ல நாற்காலியா? தூக்கிட்டுப் போய் எங்க வேணா போட்டுக்கலாமா?" என்று அழுதாள். மாப்பிள்ளை போன் செய்துகொண்டே இருந்தார். அவள் எடுக்கவில்லை. அவருக்கு மாப்பிள்ளை மேல் கோபம் வந்தது. மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பட்டது. அவள் கதவருகே இரண்டு தடவை போனார், திரும்பி வந்தார்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் சம்பந்தி. ஒரு பை ஆப்பிளோடு, தனியாக, மூன்று மணி நேரம் ரயிலில் வந்திருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "நான் வெளியில வரமாட்டேன். மொழிபெயர்க்கவும் மாட்டேன். சண்டை போட்டதும் நாங்க, நடுவுல நின்னு சொல்றதும் நாங்களா?"

மனைவி டீயை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். 'படிச்சீங்கல்ல, பேசுங்க' என்பது போலிருந்தது.

அவர் மனதில் தமிழில் எல்லாம் தயாராக இருந்தது. உங்க பையன் செஞ்சது தப்பு. அவளை ஒரு பொருட்டா மதிக்கலை. ஆனால் 'தப்பு' என்பதற்குச் சொல் இருபது பாடத்திலும் வரவில்லை. 'மதிக்க'வும் வரவில்லை. வாத்து வந்திருந்தது. ஜன்னல் வந்திருந்தது. இருப்பதை வைத்துத்தான் பேசியாக வேண்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, சம்பந்தியின் மொழியில் ஆரம்பித்தார்.

"என் மகள் இங்கே இருக்கிறான்."

சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். கண் விரிந்தது. ஆண்பால் பெண்பாலை அவர் திருத்தவில்லை.

"என் மகள் சாப்பிடுவதில்லை," என்றார் இவர். "என் மகள் தூங்குவதில்லை. என் மகள் திரைச்சீலை."

களைப்பாக இருக்கிறாள் என்று சொல்ல நினைத்தார். அந்த மொழியில் களைப்புக்கும் திரைச்சீலைக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். சம்பந்தி குழம்பி, ஜன்னலில் தொங்கிய திரையைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு மெல்லத் தலையசைத்தார். யோசித்து யோசித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"என் மகனும் திரைச்சீலை. அவன் சமைப்பதில்லை. அவன் அழுகிறான்."

"என் மகளுக்கு வேலை பிடிக்கும்."

"ஆமாம். நல்ல வேலை. எனக்குத் தெரியும். என் மகனுக்கு உங்கள் மகளைப் பிடிக்கும்."

"அவன் பேசுவதில்லை," என்றார் இவர். கொஞ்சம் நிறுத்தி, "என் மகளிடம் அவன் பேசுவதில்லை" என்றார்.

"இல்லை. அவன் பேசுவதில்லை. அவன் என்னைப் போல." சம்பந்தி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "அவனுக்குப் பயம்."

"எனக்கும் பயம்," என்றார் இவர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஐம்பத்திரண்டு வயதில், இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில், இந்த வாக்கியத்தை அவர் தமிழில் யாரிடமும் சொன்னதில்லை. பாடத்தில் நாயைப் பார்த்து ஒரு பையன் சொல்லும் வாக்கியம் அது. மோட்டார் அறையில் முப்பது தடவை உரக்கச் சொல்லிப் பழகியது, இப்போது தானாக வந்துவிட்டது. மனைவிக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் டீ டம்ளரை எடுக்க வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

அறைக்கதவு திறந்தது. மகள் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது, உதடு மட்டும் சிரிப்பை அடக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, நான் திரைச்சீலையாப்பா?"

"களைப்புன்னு சொல்ல வந்தேன்."

"இவ்ளோ நேரமா என்னைப் பையனாக்கிட்டீங்க." சிரிக்க ஆரம்பித்தவளுக்கு அழுகையும் சேர்ந்து வந்தது. சம்பந்தி எழுந்து அவள் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போன் பண்றேன். ஆனா அவர்தான் முதல்ல பேசணும். நான் கேட்டுட்டு மட்டும்தான் இருப்பேன்" என்று அப்பாவைப் பார்த்துத் தமிழிலேயே சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் அவள் உள்ளே வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அது நடந்தது.

சம்பந்தி பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருடைய மனைவி. ஏதோ ஒரு வாசலில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். பால்கனியைக் காட்டினார், பிறகு படத்தைக் காட்டினார், பேச ஆரம்பித்தார். முதலில் மெதுவாக. பிறகு தன்னை மறந்து வேகமாக. இவருக்கு 'என் மனைவி' புரிந்தது. 'கதவு' புரிந்தது. 'ரொட்டி', 'மூன்று நாள்', 'பேச்சு' எல்லாம் புரிந்தன. ஆனால் வினைச்சொற்கள் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாவற்றுக்கும் வேறு ஏதோ வால் முளைத்திருந்தது. அவள் கதவைத் திறந்தாளா, சாத்தினாளா? மூன்று நாள் பேசாமல் இருந்தது யார்? சம்பந்தியின் குரல் ஓரிடத்தில் கம்மியது. இவர் தலையாட்டினார். புரியாமல் தலையாட்டுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

முடித்துவிட்டுச் சம்பந்தி படத்தை உள்ளே வைத்துக்கொண்டார். இவர் அவருடைய சட்டையைச் சுட்டிக் காட்டினார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

மூன்று மணி ரயிலுக்கு மகளும் கூடவே கிளம்பினாள். "ஒண்ணும் முடியலைப்பா. இன்னும் நிறைய சண்டை பாக்கி இருக்கு. ஆனா நேர்ல போடறோம்" என்றாள்.

போகும்முன் அவளிடம் கேட்டிருக்கலாம். மாமா என்ன சொன்னார் என்று கேள், எனக்குச் சொல் என்று. வாய்வரை வந்தது, கேட்கவில்லை. சம்பந்தி சொன்னது மகளிடம் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து இவரிடம் சொன்னார். அதை இன்னொருவர் வாயால், 'ஒண்ணுமில்ல, அத்தையை நினைச்சுக்கிட்டாரு' என்று ஒரு வரியில் கேட்க மனம் வரவில்லை.

அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தார். பூட்டுக்குக் கீழே பாடத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. இதுவரை அதைப் படிக்கத் தோன்றவில்லை. இப்போது படித்தார்.

இறந்தகாலம்.

இருபது பாடமாக அவர் படித்ததெல்லாம் நிகழ்காலம். வாத்து குடிக்கிறது, சகோதரி திறக்கிறாள். அந்த மனிதரிடமோ, சொல்வதற்கு இருந்ததெல்லாம் நடந்து முடிந்தவை.

மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "என்ன, கட்டப் போறீங்களா?"

"கட்டறேன்."

"எதுக்குன்னு தெரிஞ்சுதா?"

"அவர் வீட்டுக்காரம்மாவைப் பத்தி ஏதோ சொன்னாரு. எனக்குப் புரியலை."

 "அப்ப கட்டுங்க," என்றாள். பிறகு, "அவர்கிட்ட ஏதோ சொன்னீங்களே, அவ வெளியில வர்றதுக்கு முன்னாடி. முகமே ஒரு மாதிரி ஆயிடுச்சு. என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். தமிழில் சொல்ல அதைவிட நேரம் பிடித்தது.

மாப்பிள்ளையால் மாற்றலைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஒரு வருடத்தை ஆறு மாதமாகக் குறைத்து வாங்கினார். மகள் வேலையை விடவில்லை. வார இறுதியில் அவர் வந்து போனார். அவர்கள் சண்டை என்ன ஆனதென்று முழுதாக யாரும் பெரியவர்களிடம் சொல்லவில்லை, பெரியவர்களும் கேட்கவில்லை.

இருபத்தொன்றாவது பாடம் சுலபமாக இல்லை. ஒவ்வொரு வினைச்சொல்லும் ஒவ்வொரு மாதிரி வளைந்தது. முப்பத்தைந்து நாள் பிடித்தது. முடித்த அந்த வாரம், ஞாயிறு மதியம், அவரே சம்பந்திக்குப் போன் செய்தார். அவராக யாருக்கும் போன் செய்வதே அபூர்வம். கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருந்தார்.

"அந்த மூன்று நாள் உங்கள் மனைவி ஏன் பேசவில்லை?"

 தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று தாளை மறுபடி பார்த்தார். பிறகு சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"அவள் பேசினாள்," என்றது குரல், நிறுத்தி நிதானமாக. "நான்தான் பேசவில்லை."

அதற்குப் பிறகு அவர் அரை மணி நேரம் பேசினார். இவருக்குக் கால்வாசி புரிந்தது. புரியாத இடத்தில் தலையாட்டாமல், "மறுபடி சொல்லுங்கள்" என்றார். சம்பந்தி மறுபடி சொன்னார்.