திருத்திய மன்றாட்டு

பள்ளியில் எனக்கு ஜெராக்ஸ் டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்தது, பெரியவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தாம் வகுப்புக்கு, கிறிஸ்தவ வேதபாடமான மறைக்கல்வி எடுக்கிறேன். எதைக் கண்டாலும் நகல் எடுத்து அலமாரியில் அடுக்குவது என் பழக்கம். நாள்காட்டியில், நல்ல மேய்ப்பராக ஆட்டுக்குட்டியைச் சுமக்கும் இயேசு படம் வந்தால் அந்த மாதம் முடிவதற்குள் கிழித்துவிடுவேன். "இந்த வீட்ல தேதி பாக்கணும்னா பக்கத்து வீட்டுக்குத்தான் போகணும்" என்பார் என் கணவர்.

போன வருடம் மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு கத்தோலிக்கப் பள்ளியும் மறைக்கல்விக்கான துணைக்கருவிகளைத் தொகுத்து ஒரு கோப்பாக அனுப்ப வேண்டும். சிறந்த கோப்பை நகலெடுத்து எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுப்பார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சேர்த்ததற்கெல்லாம் ஒரு நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அலமாரியைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஆட்டுக்குட்டி. வண்ணம் தீட்ட ஆட்டுக்குட்டி, வெட்டி ஒட்ட ஆட்டுக்குட்டி, புள்ளிகளை இணைத்தால் அதுவும் ஆட்டுக்குட்டி. இணையத்தில் தேடினேன், அங்கேயும் அதே மந்தைதான். வேறு எந்தப் பள்ளியிலும் இல்லாத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. அப்போதுதான் வகுப்பு ஜன்னலோரம் இருந்த மன்றாட்டுப் பெட்டி கண்ணில் பட்டது.

அது நீலத்தாள் ஒட்டிய செருப்புப் பெட்டி. பிள்ளைகள் வாரம் முழுக்க மன்றாட்டுகளைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். வியாழக்கிழமை நான் பிரித்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, ஐந்தைத் தேர்ந்தெடுப்பேன். வெள்ளிக்கிழமைப் பள்ளித் திருப்பலி வழிபாட்டில் எழுதிய பிள்ளைகளே அவற்றை வாசிப்பார்கள். என்னிடம் விதிகள் உண்டு. யாருக்கும் கெட்டது கேட்கக் கூடாது, முறையாகத் தொடங்க வேண்டும், "உம்மை மன்றாடுகிறோம்" என்று முடிக்க வேண்டும். பிள்ளை எழுதியது இடப்பக்கம், நான் திருத்தியது வலப்பக்கம், நடுவில் பிள்ளை வாசிக்கும் புகைப்படம். இதுதான் என் கோப்பின் முதல் பக்கம் என்று தீர்மானித்தேன். அதற்கு, திருத்துவதற்கு நிறைய இடம் இருக்கும் ஒரு சீட்டு வேண்டும்.

அந்த வியாழக்கிழமையே கிடைத்தது. "சாமி, எங்கப்பா வீட்டுக்கு வர வேண்டாம். நாங்க நல்லா இருக்கோம்."

எழுதியவள் பென்சில். நெட்டையாக, ஒல்லியாக இருப்பதால் வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும். அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவள். பதிவேட்டில் அப்பாவுக்கு நேரே 'வெளியூரில் வேலை' என்று இருந்தது. ஏதோ திட்டியிருப்பார், கோபத்தில் எழுதியிருக்கிறாள் என்று நானே முடிவுகட்டி, அவளை மேசைக்குக் கூப்பிட்டேன்.

"என்னம்மா இது? அப்பாவைப் போய் வர வேண்டாம்னு யாராவது எழுதுவாங்களா?"

"சாமிகிட்ட என்ன வேணும்னாலும் கேக்கலாம்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

"கேக்கலாம். அதுக்குன்னு ஒரு முறை இருக்குல்ல? நான் திருத்தித் தர்றேன். நாளைக்கு நீதான் வாசிக்கறே."

"வேண்டாம் டீச்சர். வேற யாருதையாவது எடுத்துக்குங்க."

"அட, வெக்கத்தைப் பாரு!" என்று சிரித்தேன். அது வெட்கமில்லை என்று கண்ணுள்ள யாருக்கும் தெரிந்திருக்கும். நான் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை.

அவள் போனதும் எழுதினேன்: "அன்பான ஆண்டவரே, தொலைவில் இருக்கும் எங்கள் அப்பா நலமுடன் விரைவில் வீடு திரும்ப வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்." என் எழுத்து எனக்கே பிடித்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை அவள் வாசித்தாள். ஒலிவாங்கிக்கு முக்காலி தேவைப்படாத ஒரே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அவள்தான். எங்கும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். அறுநூறு பிள்ளைகள் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதை நான் கவனித்தேன். வாய் மூடியிருப்பதும் படத்துக்கு நல்லதுதான் என்று நினைத்து இன்னொரு படம் எடுத்தேன்.

அன்று மாலை அந்தப் படத்தை மறைக்கல்வி ஆசிரியர்களின் போன் குழுவில் போட்டேன், கீழே முழு மன்றாட்டோடும் பள்ளியின் பெயரோடும். யாரோ அதை எடுத்துப் பங்குக் கோவிலின் இணையப் பக்கத்தில் ஏற்றினார்கள். பார்த்தவர்களெல்லாம் கைகூப்பும் குறி போட்டார்கள். நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன்.

அடுத்த புதன்கிழமை நகல் இயந்திரத்தின் அருகில் நின்றுகொண்டிருந்தேன். கோப்பு அன்று மாலைக்குள் போக வேண்டும். முதல் பக்கம் சூடாக வெளியே வந்துகொண்டிருந்தபோது பென்சில் வந்து நின்றாள்.

"டீச்சர், அந்த மன்றாட்டைத் திருப்பி வாங்க முடியுமா?"

"எதைம்மா?"

"போன வாரம் எல்லாரும் சேந்து கேட்டோமே, அது. எல்லாரும் சேந்து வேண்டாம்னு சொன்னா சாமி கேப்பாரா?"

"மன்றாட்டு என்ன கடைல வாங்கின சாமானா, திருப்பிக் குடுக்க? அப்புறம் பேசலாம் கண்ணு, டீச்சருக்கு இப்ப தலைக்கு மேல வேலை."

"சரி டீச்சர்" என்று போய்விட்டாள். நான் பக்கங்களை அடுக்கித் துளையிட்டேன்.

மறுநாள் காலை தலைமையாசிரியை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். அறையில் பென்சிலின் அம்மா உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டில் கட்டு. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"சேக்கும்போதே சொன்னேன் சிஸ்டர், பிள்ளையை எந்தப் போட்டோவுலயும் போடாதீங்கன்னு. ஒன்றரை வருஷமா நாங்க எங்க இருக்கோம்னு அவருக்குத் தெரியாது. முந்தாநேத்து வாசல்ல வந்து நின்னாரு. போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, 'பாத்தியா, என் மகளே கூப்பிட்டிருக்கா'ன்னாரு."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "ஸ்டாஃப் மீட்டிங்ல எல்லாருக்கும் சொன்னேனே டீச்சர்?"

சொல்லியிருப்பார். அந்தக் கூட்டத்தில் நான் மேசைக்கு அடியில் ஆட்டுக்குட்டி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"நேத்து இவளை இங்க அனுப்பினதே, பள்ளிக்கூடத்துல பத்திரமா இருப்பான்னுதான்" என்றார் அந்த அம்மா.

நல்லதை நினைத்துத்தானே செய்தீர்கள் என்று யாராவது சொல்வார்கள் என்று வெட்கமில்லாமல் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. சான்றிதழில், அடுத்து எந்தப் பள்ளி என்ற இடத்தில் சிஸ்டர் எதுவும் எழுதவில்லை, கேட்கவும் இல்லை. வெளியே வராந்தாவில் பென்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "டீச்சரை மன்னிச்சிடும்மா" என்றேன். "சரி டீச்சர்" என்றாள், வீட்டுப்பாடம் சொன்னால் சொல்வதுபோல. பிறகு அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது.

அன்றே பங்கின் பக்கத்திலிருந்து படத்தை எடுக்கவைத்தேன். மறைமாவட்ட அலுவலகத்துக்கும் போன் செய்தேன். "முதல் பக்கத்தை எடுத்துடுங்க" என்றதற்கு அங்கிருந்த எழுத்தர், "அதுதானே மிஸ் இருக்கறதுலயே நல்லா இருக்கு?" என்றார். காரணம் சொன்னால் என் தப்பையும் சொல்ல வேண்டும். "சரி, போட்டோவை மட்டுமாவது எடுத்துடுங்க" என்று போனை வைத்துவிட்டேன். என் கோழைத்தனத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கோப்புக்கு முதல் பரிசு கிடைத்தது. நாற்பது பள்ளிகளுக்கு நகல் போயிற்று.

மன்றாட்டுப் பெட்டி இன்னும் ஜன்னலோரம் இருக்கிறது. சீட்டுகளைப் படிக்கிறேன், திருத்துவதில்லை.

இரண்டு மாதம் கழித்து, மதிய இடைவேளையில், தெரியாத எண்ணிலிருந்து ஓர் ஆசிரியை பேசினார். வேறு பள்ளி, புதிதாக மறைக்கல்வி எடுக்கிறாராம்.

"மிஸ், உங்க ஃபைல் எனக்கு எவ்வளவு உதவியா இருக்கு தெரியுமா? என்ன எடுக்கறதுன்னு தேடித் தேடி அலுத்துப்போயிருந்தேன். முக்கியமா அந்த முதல் பக்கம். ஒரு சந்தேகம் மிஸ், அந்த 'வர வேண்டாம்' சீட்டு நீங்களே எழுதினதுதானே? நிஜப் பிள்ளை அப்படி எழுதுமா?"

எழுத்தரிடம் சொன்னதுபோல் இங்கேயும் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நிஜப் பிள்ளைதாங்க எழுதிச்சு. அது எழுதினதுதான் சரி. நான் எழுதினதுதான் தப்பு." பிறகு நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், ஆட்டுக்குட்டி வெட்டியது வரைக்கும்.



"மிஸ்..." குரல் மாறியிருந்தது. "என் கிளாஸ்லயும் ஒரு பையன் எழுதியிருந்தான். மாமா ரூமுக்கு என்னை அனுப்பக் கூடாதுன்னு. நான் உங்க பக்கத்தைப் பாத்து, மாமாவுக்காக நன்றி சொல்ற மாதிரி திருத்திட்டேன்."

"அவன் எங்க இருக்கான் இப்ப?"

"வெளிய விளையாடிட்டு இருக்கான். பெல் அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கு."

"கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வெச்சுக் கேளுங்க. பேனாவைக் கைல எடுக்காதீங்க. உங்க எச்எம்மையும் இப்பவே கூப்பிடுங்க."

அவர் போனை அணைக்க மறந்து நடந்தார். மைதானத்தின் இரைச்சலும், நடுவில் அவர் ஒரு பிள்ளையைக் கூப்பிடுவதும் என் காதில் விழுந்தன. நகல் இயந்திரத்துக்கு முன்னால் பென்சில் நின்றபோது எனக்கும் பத்து நிமிடம் இருந்தது.