புத்தகத்தில் இருந்தபடி

மதுரங்குளியில் பழைய லெகோ விளையாட்டு ரயில்களைத் தேடிச் சேர்ப்பவன் சப்றான் ஒருவன்தான். அதனால்தான் குறிஞ்சிப்பிட்டி மெற்றில்டா, நோர்வேயில் இருக்கும் மாமா அனுப்பிய கட்டைகளில் மகன் சின்ன வயதில் கட்டிய ரயிலைத் தூசி எடுக்கச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்தாள். போர் முடிந்து மூன்றாம் வருடம் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறிய அந்த மகனிடமிருந்து இன்றுவரை ஒரு சொல்லும் வரவில்லை.

சப்றான் தன்னுடைய ரயில்களுக்குச் செய்வதையே இதற்கும் செய்தான். கட்டை கட்டையாகக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினான். பிறகு அந்த ரயிலுக்கான விளக்கப் புத்தகத்தைப் பார்த்துப் பிழையில்லாமல் கட்டினான். ரயில் புதுச் சாமான் போல மின்னியது. அவள் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மெற்றில்டா வந்து பார்த்தாள்.

"ஆற்ற ரயில் தம்பி இது?"

"உங்கடதுதான் அக்கா. மகன் கனக்கப் பிழையாக் கட்டியிருந்தார். எல்லாத்தையும் சரியாக்கிட்டன்."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"கடைசிப் பெட்டிய அவன் கூரை இல்லாமல்தானே கட்டினவன். ஆக்கள் கடல் பாக்கவேணுமாம்."

சப்றான் அவசர அவசரமாகக் கூரையைக் கழற்றினான்.

"மிச்சத்தையும் சொல்லுங்க அக்கா. அப்பிடியே கட்டித் தாறன்."

அவள் ஒரு சிவப்புக் கட்டையை எடுத்து எஞ்சினுக்கு மேலே வைத்துப் பார்த்தாள். எடுத்துப் பின்னால் வைத்தாள். அதையும் எடுத்தாள்.

"தெரியேல்லைத் தம்பி" என்றாள். "கழண்டுபோகும் எண்ட பயத்தில நான் ஒருநாளும் கிட்டப்போய்ப் பாக்கேல்லை."