தரையிலிருந்து ஐந்து அங்குலம்

அல்போன்ஸ் ஒரு காரைத் தேர்ந்தெடுக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். லூயிசாவைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையே போதுமானதாக இருந்தது. அதுவும் பிரசங்கம் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார். இருபத்தாறு வருடத்தில் மனிதர் எவ்வளவு பொறுப்பானவராக மாறிவிட்டார் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

தரமணியில் ஒரு கம்பெனியில் அவர் முதுநிலைத் துணைத்தலைவர். பதவியின் பெயர் நீள நீள, கீழே வேலை செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள் என்பது அந்தத் தொழிலின் விதி. அல்போன்ஸின் பெயர்ப்பலகை ஒரு வரியில் அடங்காமல் போன வருடம், அவருக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. மேலே இருந்தவர் தௌசீஃப். வயது முப்பத்தைந்துக்குள். நல்ல பையன். ஒருநாள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "இதப் பத்தி அங்கிள் என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். அல்போன்ஸும் சிரித்தார். அன்று மாலையே ஸ்போர்ட்ஸ் கார் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

வீடியோக்களில் தாடி வைத்த இளைஞர்கள் ஆளில்லாத மலைப்பாதையில் காரை வளைத்து வளைத்து ஓட்டிவிட்டு, 'தினசரி ஓட்டத்துக்கும் இது தோதான வண்டி' என்று சத்தியம் செய்தார்கள். அவர்களுடைய தினசரியில் லஸ் முனை கிடையாது. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட கச்சேரி ரோடு கிடையாது. வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் தன் வாசலுக்கென்று தானே போட்டுக்கொள்கிற வேகத்தடை கிடையாது. அல்போன்ஸ் இதையெல்லாம் கவனிக்கவில்லை. குதிரைத் திறன், முறுக்கு விசை, பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட எத்தனை விநாடி என்று சாப்பாட்டு மேசையில் ஒப்பித்துக்கொண்டிருந்தார். சாந்தோமிலிருந்து தி. நகர் போகும் வழியில் நூறைத் தொட்டவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்று லூயிசா சொன்னாள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

தி. நகர் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். லூயிசா அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால். தரமணிக்குப் போகிறவன் அடையாறு பாலத்தைத் தாண்டி நேராகப் போவான். அல்போன்ஸ் வருடக்கணக்காக மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை என்று சுற்றி, மனைவியைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, கோட்டூர்புரம் வழியாக ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். கேட்டால், "எல்லாம் வழிதானே" என்பார். வழியே இல்லை.

அந்தப் பயணத்தில் இருவரும் ஜெபமாலை சொல்வார்கள். அருள் நிறை மந்திரத்தின் முதல் பாதி அவர், மறுபாதி அவள். பத்துப் பத்தாக ஐந்து முறை; லஸ்ஸுக்குள் முதல் பத்து முடியும். ஆழ்வார்பேட்டைக்குள் இரண்டாவது. தேவமாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்ற தைரியத்தில், ஒவ்வொரு பத்துக்கும் நடுவில் பேசிக்கொள்வார்கள். யார் வீட்டில் என்ன, பள்ளியில் யாருக்கும் யாருக்கும் சண்டை, காஸ் தீர்ந்துவிட்டது, உங்கம்மா இருந்தவரைக்கும் என்னை ஒரு நாளாவது நல்லதாகச் சொன்னார்களா. வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வது குறைவு, அங்கே டி.வி. உண்டு, போன் உண்டு. காரில்தான் குடும்பம் நடந்தது. மகள் டீனாவின் கல்யாணம் மூன்றாம் பத்துக்கும் நாலாம் பத்துக்கும் நடுவில், எல்டாம்ஸ் ரோடு சிக்னலில் முடிவானது.

ஷோரூமுக்கு லூயிசாவையும் அழைத்துப் போனார். சனிக்கிழமை. அவள் சுடிதார் போட்டிருந்தாள். விற்பனைப் பெண் நீரஜா, "மேம், உக்காந்து பாருங்க, அப்படியே கட்டிப்பிடிச்சுக்கும்" என்று கதவைத் திறந்தாள். அந்தக் காருக்கு இரண்டே கதவு. ஒவ்வொன்றும் பீரோ கதவு நீளம். லூயிசா உள்ளே இறங்கினாள். ஏறினாள் என்று சொல்ல முடியாது.

"ஏங்க, இது தரையிலேர்ந்து எவ்ளோ உசரம்?"

"அஞ்சு அங்குலம்," என்றார் அல்போன்ஸ் பெருமையாக. "கார்னர்ல அப்படியே ஒட்டிக்கிட்டுப் போகும்."

"நம்ம வழியில கார்னர்ல கரும்பு ஜூஸ் வண்டில்ல நிக்குது?"

நீரஜா தொழில்முறையில் சிரித்தாள். லூயிசா உண்மையாகச் சிரித்தாள். காரின் நிறத்துக்குக் கம்பெனிக்காரர்கள் எரிமலையையும் அந்திவானத்தையும் சேர்த்து ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். லூயிசா பார்த்துவிட்டு, "கேசரி" என்றாள். அல்போன்ஸின் முகம் சுருங்கியது. உடனே அவர் கையைத் தொட்டு, "நல்லா இருக்குங்க. உங்களுக்குப் புடிச்சிருக்குல்ல, வாங்கிடுங்க" என்றாள். அந்தக் கை தொட்டதைத்தான் அல்போன்ஸ் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தார்.

பெசன்ட் நகர் மாதா கோயிலில் மந்திரித்தார்கள். தீர்த்தம் தெளித்த சாமியார் காரைச் சுற்றி வந்து, "ரெண்டு பேருக்கு மட்டும்தானா?" என்று கேட்டார். "பின்னாடி சீட் இருக்கு ஃபாதர்" என்றார் அல்போன்ஸ். ஃபாதர் குனிந்து பார்த்தார். காலில்லாதவர்கள் இருவர் உட்காரலாம்.

முதல் வாரம் ராஜ வாழ்க்கை. சிக்னலில் பையன்கள் போனை நீட்டினார்கள். ஒருவன், "அங்கிள், ஒரு தடவ ஆக்சிலேட்டர் குடுங்க" என்றான்; கொடுத்தார். அங்கிள் என்றது காதில் விழவில்லை. ஆபீஸ் வாசலில் காவலாளி மெஹபூப் பாஷா, இதுவரை தௌசீஃபுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்த சல்யூட்டை இவருக்கும் வைத்தான்.

லூயிசாவின் வாழ்க்கை வேறு மாதிரி இருந்தது. கஞ்சி போட்ட காட்டன் சேலை, தோளில் ஒரு பை, கையில் சாப்பாட்டுப் பை, கக்கத்தில் பரீட்சைத் தாள் கட்டு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்தக் குழிக்குள் இறங்குவதற்கு ஒரு முறை வேண்டும். வெளியே வருவதற்கு இன்னொரு முறை வேண்டும். முதலில் உட்காரும் இடத்தை வைத்து, பிறகு கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி, கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்குள் ஆட்டோக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கிற மாநகரப் பேருந்தின் சக்கரம் முகத்துக்கு நேராகத் தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்பில் யாரோ தட்டினார்கள்.

ஜெபமாலையும் மாறியது. அவர் முதல் பாதியைச் சொல்லி முடிப்பார், அவள் தொடங்கும்போது பச்சை விளக்கு விழும், கார் கர்ஜிக்கும். மறுபாதி மாதாவுக்குக் கேட்டிருக்கலாம், அல்போன்ஸுக்குக் கேட்கவில்லை. பத்துக்கும் பத்துக்கும் நடுவிலும் பேச்சு நின்றுபோனது. அந்த நேரத்தில் அவர் வேகத்தடைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். "இரு லூயி, ஒரு நிமிஷம்" என்பார். நேராக ஏறினால் அடி உரசும், குறுக்கே ஏற்ற வேண்டும். பின்னால் ஒரு தண்ணி லாரி ஹார்ன் அடிக்கும். ஏறி இறங்கி மூச்சு விட்டபிறகு, "ம், என்ன சொன்ன?" என்பார். "ஒண்ணுமில்லங்க."

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலை. பள்ளி வாசலில் நடைபாதையை அப்போதுதான் உயரமாகக் கட்டியிருந்தார்கள். அல்போன்ஸ் அதை ஒட்டி நிறுத்தினார். லூயிசா கதவைத் திறந்து, காலை வெளியே வைத்து, எழுவதற்காகக் கதவையே பிடித்து அழுத்தினாள். அந்த நீளக் கதவு அவள் பாரத்தில் தாழ்ந்து நடைபாதைக் கல்லில் கறக்கென்று இடித்தது. கால் கொசுவத்தை மிதித்தது. அவள் முட்டி போட்டு விழுந்தாள். பரீட்சைத் தாள்கள் ஈரத்தில் பரவின.

அல்போன்ஸ் கத்தினார்:

"ஐயோ, கதவு!"

உலகத்தில் அவருக்குச் சொல்வதற்கு எத்தனையோ வார்த்தைகள் இருந்தன. 'லூயி' என்றிருக்கலாம். 'மாதாவே' என்றிருக்கலாம். சும்மா 'ஐயோ'வோடு நிறுத்தியிருந்தால்கூடப் போதும். அவர் வாயில் அதுதான் வந்தது. வந்ததோடு, இறங்கிச் சுற்றி ஓடிவந்தவர், குனிந்து முதலில் கதவின் அடி விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒரு விநாடிதான். நிமிர்ந்தபோது லூயிசா தரையில் முட்டியிட்டபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துச் சந்திலிருந்து வந்த தமிழ் டீச்சர் ஆரோக்கியமேரிதான் அவளைத் தூக்கினாள். "எழுந்திரு லூயிசா, எழுந்திரு. பிள்ளைங்களா, பேப்பரப் பொறுக்குங்கடி, என்ன பல்லக் காட்டிக்கிட்டு!" அவள் திரும்பி, "சார், கதவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

முட்டியில் சிராய்ப்பு, நாலு நாளில் ஆறியது. மறுநாள் காலை லூயிசா, "நீங்க சுத்த வேணாங்க. ஆரோக்கியமும் இன்னும் ரெண்டு டீச்சரும் மாசத்துக்கு ஆட்டோ வச்சிருக்காங்க. ஒரு எடம் காலியா இருக்காம்" என்றாள்.

"கோவமா லூயி?"

"சேச்சே. இடுப்பு வலிக்குதுல்ல, அதான்."

அல்போன்ஸ் இதை இடுப்பு வலி என்றே எடுத்துக்கொண்டார். மனிதன் தனக்குச் சாதகமான நோயைத்தான் நம்புவான். ஆனால் இரண்டொரு நாள் கழித்து அந்தச் சம்பவத்துக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். ஐயோ என்றது அவளுக்காக, கதவு என்றது எச்சரிக்கை. கதவு மேலே விழுந்துவிடப்போகிறதே என்ற பதற்றம். லூயிசா பருப்பு தாளித்துக்கொண்டே, "சரிங்க" என்றாள். அவர் மறுபடி முதலிலிருந்து விளக்கினார். "சரின்னுதான சொல்றேன்" என்றாள். சரி என்று சொல்கிற மனைவியிடம் மேலே எப்படி வாதாடுவது என்று எந்தத் தாடிக்காரரும் வீடியோ போட்டிருக்கவில்லை.

அவர் தனியாகவும் தி. நகர் சுற்றியே ஆபீஸ் போனார். கேட்டவர்களிடம், கோட்டூர்புரம் ரோடு வண்டிக்கு நல்லது என்றார். சில காலைகளில் ஆழ்வார்பேட்டையில் அந்த ஆட்டோ பக்கத்தில் வந்து நிற்கும். அவர் தாழ இருந்ததால் முகங்கள் தெரியாது. நாலு சேலை விளிம்புகளும், கைப்பைகளும், லூயிசாவின் பழுப்புச் செருப்பும் தெரியும். குரல் மட்டும் நன்றாகக் கேட்கும். ஆரோக்கியமேரி எதையோ சொல்ல, லூயிசா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

காரை விற்றார். வாங்க ஏழு மாதம், விற்க ஒரு மத்தியானம். வாங்கியவன் நங்கநல்லூர்ப் பையன், "அங்கிள், எப்படி அங்கிள் மனசு வந்துச்சு?" என்றான். அல்போன்ஸ் சாவியை அவன் கையில் கொடுத்தார். பதிலுக்கு ஒரு உயரமான, சாந்தமான, வெள்ளைக் காரை வாங்கினார். வெறும் வெள்ளை, அதற்கு எந்தப் பெயரும் இல்லை. நாலு கதவு. நாற்காலியில் உட்காருவதுபோல உட்காரலாம். மறுபடியும் பெசன்ட் நகர். லூயிசா வந்தாள், மந்திரிக்கும்போது முக்காடு போட்டுக்கொண்டு முழந்தாளிட்டாள், திரும்பி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "உசரமா, நல்லா இருக்குங்க" என்றாள். அல்போன்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. விளக்குக்கம்பத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை கீழே வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, இடது கதவைத் திறந்துவிட்டு நின்றார். லூயிசா படியிறங்கி வந்தாள். சேலை, பை, சாப்பாட்டுப் பை. வந்து நின்றாள்.

"ஆட்டோ தெருமுனையில நிக்குதுங்க."

"அவங்கள போகச் சொல்லு. இனிமே நாம போலாம். இதுல இடுப்பு வலிக்காது லூயி. நேத்து பாத்தியே."

அவள் கார்க் கதவைத் தொடவில்லை. பையைத் தோளில் சரிசெய்தாள்.

"இடுப்பு எப்பவோ சரியாயிடுச்சுங்க."

"அப்ப?"

"உங்க மேல கோவம் இல்ல. நெஜமா இல்ல. அன்னிக்கு நீங்க சொன்னதும் தப்பில்ல, புது வண்டி, யாரா இருந்தாலும் பதறும்." தெருமுனையை ஒருமுறை பார்த்தாள். "ஆனா அதுக்கப்புறம் உங்க பக்கத்துல உக்காந்தாலே, எதையாவது இடிச்சுடுவேனோன்னே இருக்கு. நேத்து கோயில்லேர்ந்து வர்ற வழியெல்லாம் பையை மடியிலயே புடிச்சுக்கிட்டு வந்தேன். நீங்க பாக்கல."

அவர் பார்த்திருக்கவில்லைதான். அவர் அவளைப் பார்க்கவில்லை, விளக்குக்கம்பத்தைப் பார்த்திருந்தார்.

"இந்தக் கார்லயுமா?"

"எந்தக் கார்லயும்தாங்க."

தெருமுனையில் ஆட்டோக்காரர் ஹார்னை ஒரு தட்டுத் தட்டினார். "வர்றேன், வர்றேன்" என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். பிறகு இவரிடம், "டிபன் பாக்ஸ மறந்துடாதீங்க, மேசை மேல இருக்கு" என்றாள். போனாள். ஆட்டோவில் ஏற அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. ஒரு கை கம்பியைப் பிடித்தது, உள்ளிருந்து இன்னொரு கை சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

அல்போன்ஸ் இடது கதவை மூடினார். டிபன் பாக்ஸை எடுக்கவில்லை. அன்றைக்கு முதல்முறையாக தி. நகர் பக்கம் திரும்பாமல், அடையாறு பாலத்தைத் தாண்டி நேராகத் தரமணி போனார். பெரிய நெரிசல் இல்லை. பாதி தூரத்தில், வாய் தானாக முதல் பாதியைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்து, நிறுத்திக்கொண்டார்.

ஆபீஸ் வாசலில் மெஹபூப் பாஷா வண்டியைச் சுற்றி வந்தான்.

"இன்னா சார், புச்சு வண்டியா? இன்னிக்கு இம்மாம் சீக்கிரம்?"

"நேரா வந்துட்டேன்."

"அது இன்னாத்துக்கு சார் அந்தப் பழைய வண்டி, தரையோட தரையா. இதான் சார் ஃபேமிலிக்கு. அம்மா ஜம்முனு குந்திக்கினு வரலாம்." எட்டி இடது பக்க இருக்கையைப் பார்த்தான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "எடம் தாராளமா கீது சார்."

"ஆமா," என்றார் அல்போன்ஸ். "நிறைய இடம்."