கப்பல் துரைக்கு ஒரு செம்புத் தண்ணீர்

உப்பூருக்குக் கிழக்கே, உப்பளம் முடிந்து சீமைக்கருவேலம் தொடங்கும் இடத்தில் கப்பல் துரையின் சமாதி இருக்கிறது. பெயர் வெட்டிய கல் எப்போதோ உடைந்துவிட்டது. உலக யுத்தத்தில் ஆங்கிலேயர் கப்பலில் அதிகாரியாக இருந்து, பிறகு இங்கே உப்பளத்தைக் கவனிக்க வந்து, இங்கேயே காய்ச்சலில் போன மனிதர். போனாரே தவிர ஊரை விட்டுப் போகவில்லை. உச்சிவெயிலில் வரப்போரம் நடப்பார். காய்ந்த உப்புமண்ணைப் பூட்ஸ் மிதிக்கும் நறநறப்பு கேட்கும். திரும்பிப் பார்த்தால் வெயில் மட்டும் இருக்கும்.

செத்த வெள்ளைக்காரர் நடக்கிறார் என்றால் எதைத் தேடுவார்? பிராந்தியைத்தான் என்று ஊர் தீர்மானித்தது. செல்லச்சாமியின் அய்யா துரையிடம் வேலை பார்த்தவர், அவர்தான் முதல் பாட்டிலைச் சமாதியில் ஊற்றிப் பூசாரியும் ஆனார். துரை குடித்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு குடித்திருப்பார் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து விதைப்புக்கு முன்னால் ஒரு படையல், நடுவில் சத்தம் கேட்டால் ஒரு குவார்ட்டர். பாதி சமாதிக்கு, மீதி பூசாரிக்கு. மீதியை வேண்டாமென்றால் துரையை அவமதித்ததாகிவிடும்.

செல்லச்சாமிக்கு வாழ்க்கைப்பட்ட முருகேஸ்வரிக்கு அந்த மீதியைக் கண்டால்தான் பயம். அய்யாவுக்குப் பிறகு பூசாரியான புருஷன் அதில்தான் குடிக்கப் பழகினார். ஒரு கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, மூலையில் யாரோ நிற்பதாக அலறினார். துரை கோபித்துக்கொண்டார் என்றது ஊர். பயந்துபோன முருகேஸ்வரி, மாலையைக் கழற்றிவிட்டு, தன் கையாலேயே ஒரு மூடி ஊற்றி அவர் வாயில் விட்டாள். நடுக்கம் நின்றது. பார்த்தாயா என்றது ஊர். சில வருஷத்தில் வயிறு வீங்கிச் செத்துப்போனார்.

இப்போது பூசாரி அவள் மகன் அய்யப்பன். மிளகாய்த் தோட்டத்தில் களை மண்டுவது அவன் கண்ணுக்குத் தெரியாது. காது மட்டும் ரொம்பக் கூர்மை. வாரத்தில் நாலு நாள் பூட்ஸ் சத்தம் கேட்கும் அவனுக்கு. ஊர் சிரித்தது. முருகேஸ்வரியால் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் சில நாள் அவளுக்கும் கேட்டது. புருஷனைக் கொண்டுபோன துரை மகனுக்கும் கை நீட்டுகிறார் என்று நினைத்தாள். அவரை வெறுத்தாள், வெறுப்பது அவருக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயந்தாள்.

ஆவணியில் துரையின் மகள் வந்தார். எண்பதை எட்டிய கிழவி, கையில் தடி. பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல, ராமேஸ்வரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊர் சுற்றிக்காட்டும் தர்மராஜ் கூட வந்தார். அன்று பார்த்து விதைப்புப் படையல். பிராந்தி ஊறிய சமாதியில் ஈ மொய்த்தது, பக்கத்தில் அய்யப்பன் மீதியோடு உட்கார்ந்திருந்தான். இது என்ன என்று கேட்டார் அந்தம்மா. உங்கள் அப்பாவை ஊரே கும்பிடுகிறது என்று தர்மராஜ் பெருமையாக விளக்கினார். அந்தம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

முருகேஸ்வரி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். கப்பல் தளத்தில் வெள்ளைச் சட்டையில் மூன்று வாலிபர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பின்னால் கடற்படையிலேயே பெரிய பதவிக்குப் போனாராம். இன்னொருவர் கோழிப்பண்ணை வைத்து நொடித்துப்போனாராம். மூன்றாமவர்தான் துரை. யுத்தத்தில் ஒரு ராத்திரி குடித்துவிட்டுக் கப்பலை நடத்தியவர், முழுகிய கப்பலிலிருந்து தப்பி மிதந்துகொண்டிருந்த தன் நாட்டு ஆட்கள் மேலேயே ஏற்றிவிட்டார். பதவி போனது. அன்றோடு குடியை விட்டார், ஆனாலும் பெண்டாட்டி பிள்ளை முகத்தில் விழிக்க முடியாமல் இந்தக் கண்காணாத கரைக்கு வந்துவிட்டார்.

"விட்ட புதுசுல கைகாலு ஆடுச்சாம். செத்தவுகள்லாம் கட்டிலச் சுத்தி நிக்கிறாகன்னு கத்துவாராம்," என்று தர்மராஜ் சொன்னார். "அது குடி ஒடம்ப விட்டுப் போற நடுக்கம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இவுக அம்மா ராப்பகலா கூடவே இருந்தாகளாம். பெறகு நின்னுபோச்சாம். சாகுறவரைக்கும் தண்ணியத் தவிர எதையும் தொடலையாம்."

முருகேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. புருஷனுக்கு வந்தது துரையின் கோபமே இல்லை. பொறுத்திருந்தால் தானாகக் கடந்திருக்கக்கூடிய நடுக்கம். அதற்குத்தான் அவள் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அவளும் அந்தக் கிழவி பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். யார் எதற்கு அழுகிறார்கள் என்று மாற்றிச் சொல்லத் தர்மராஜுக்குத் தெரியவில்லை.

அய்யப்பன் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி வேலியோரம் கொட்டினாள். மறுநாள் அவனை ராமநாதபுரத்துக்கு இழுத்துப்போய் டாக்டரிடம் காட்டினாள். படுக்கையில் சேரச் சொன்னதற்கு அவன் மாட்டேன் என்றான், மாத்திரையோடு திரும்பினார்கள். மூன்றாம் நாள் உச்சியில் நடுக்கம் வந்தது. கட்டில் கிடுகிடுத்தது. கொழுந்தன் வேல்ராஜ் குவார்ட்டரோடு ஓடி வந்தான்.

"மதினி, ஒரே ஒரு மூடி விடுங்க. அண்ணன் கதி இவனுக்கும் வந்துறப்போகுது."

அவள் கை பாட்டிலை நோக்கி நீண்டுவிட்டது. மகன் துடிப்பதை எந்தத் தாய்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? பிறகு கையை மடக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் ஊத்திவிட்டதாலதான்ப்பா உங்கண்ணன் செத்தாரு."

அப்போது முற்றத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அது வீடுவரை வந்ததில்லை. வேல்ராஜுக்கும் கேட்டிருக்க வேண்டும், பாட்டிலைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கமாக ஓடினான். முருகேஸ்வரி ஓடவில்லை. போய்க் கதவை விரியத் திறந்தாள். நிலைப்படியில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தாள்.

"வாங்க தொரை," என்றாள். "இந்த நடுக்கம் நீங்க பட்டது. உள்ள வந்து எம்மகன் பக்கத்துல செத்த நேரம் இருங்க."

சத்தம் படியேறியது, அவளைக் கடந்தது, கட்டிலருகே நின்றது. வெயிலில் காய்ந்த உப்பு வாடை வீடெல்லாம் அடித்தது.

"ஆத்தா, தொரை நிக்கிறாரு," என்று பல் கிட்டிக்க முனகினான் அய்யப்பன்.

"நிக்கட்டும்ப்பா. அவரு ஒனக்குத் தொணைக்கு வந்திருக்காரு."

மகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பொழுது சாயும்போது அவன் தூங்கிப்போனான். திரும்பிப் போகும் பூட்ஸ் சத்தத்துக்காக அவள் காது கொடுத்தபடியே இருந்தாள். அது கேட்கவில்லை. எழுந்து போய்ச் செம்பைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, கட்டிலின் மறுபக்கம் வைத்தாள்.