சாட்சி இல்லாத வேகம்

பல் டாக்டரம்மா காரில் நூற்று நாற்பதில் போனது உண்மை. அதைப் பார்த்த கண் ஒன்றுகூட இல்லை என்பதுதான் கோளாறு.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஸ் ட்ராக்கை வாடகைக்கு எடுத்து, ஆசை தீரக் காரை விரட்டிவிட்டு, அதைவிட ஆசையாக அதைப் பற்றிப் பேசித் தீர்க்கிற கூட்டம் அவர்களுடையது. போன மாதம் எல்லாரும் கொட்டகையில் டீக்காகக் கூடியிருந்த நேரத்தில் அவள் தனியாக ஒரு சுற்றுப் போய்வந்தாள். இறங்கியதும் ஓடி வந்து விஷயத்தைச் சொன்னாள். கூட்டத்தின் தலைவர் டயர் கடைக்காரர், அவளுடைய உடன்பிறந்த அண்ணன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே விதியை ஞாபகப்படுத்தினார். பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்து மீட்டர் முள்ளைப் பார்த்திருந்தால்தான் வேகம் செல்லுபடியாகும். இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு.

விதியே கூட்டத்தில் இருந்த எலக்ட்ரீஷியனால் வந்தது. அவர் பேச்சில் அவருடைய பழைய கார் மாதத்துக்குப் பத்து கிலோமீட்டர் வேகம் கூடிக்கொண்டே போனது. இருநூறைத் தொட்ட அன்று யாரோ உள்ளே எட்டிப் பார்த்தால், அந்த மீட்டரில் நூற்று அறுபதுக்கு மேல் எண்ணே இல்லை.

அண்ணன் அதோடு விட்டாரா? ஒரு மாதமாக வீட்டில் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. சாப்பிட்டாச்சு என்றால், சாட்சி இருக்கா என்பார். தலைவலி என்றால், யார் பார்த்தா என்பார். அவர் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன. கிளினிக்கில் அடுத்தவர் சொத்தைப் பல்லைப் பிடுங்கும்போதுகூட அவளுக்கு அந்த நூற்று நாற்பதுதான் வலித்தது.

ஆகவே இந்த ஞாயிறு அதை நிரூபிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று வந்திருந்தாள். சாட்சிக்குத்தான் பஞ்சம். எலக்ட்ரீஷியனுக்கு இடுப்பு பிடித்திருந்தது. அண்ணனைக் கேட்டால், தனக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னார். மற்றவர்களும் நழுவிவிட, மிச்சமிருந்தவர் அன்றுதான் புதிதாகச் சேர்ந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அங்கே இருந்த அத்தனை பேரும் ஒரு காலத்தில் அவரிடம் ஓட்டக் கற்றவர்கள்தான், அவளும் அப்படியே.

முள்ளைப் பார்க்கணும், அவ்வளவுதானே டாக்டரம்மா, வாங்க போகலாம் என்று மாஸ்டர் முகம் மலர ஏறி உட்கார்ந்தார்.

கதவைச் சாத்தியதுமே 'வாங்க' போய்விட்டது. கண்ணாடியைச் சரி பண்ணு என்றார். கிளட்ச்மேல காலை ஊற வைக்காதே என்றார். அவள் பொறுத்துக்கொண்டாள். நேர்ப்பாதை வந்தது. ஐம்பது, அறுபது. மாஸ்டர் 'உச்' கொட்டினார்.

கொட்டியதுதான் தாமதம், அவள் வலது கால் ஆக்ஸிலேட்டரை விட்டுத் தானாக எழும்பியது. கார் பெருமூச்சு விட்டு நாற்பதுக்கு இறங்கியது. கற்றுக்கொண்ட காலத்தில் அந்தச் சத்தத்துக்கு அடுத்து மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பார், அவள் நெற்றி ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டு வரும். மூளை அதை மறந்திருந்தது. கால் மறக்கவில்லை.

அடுத்த சுற்றில் பாட்டை அலறவிட்டாள். உச் அதையும் துளைத்துக்கொண்டு வந்தது. அதற்கும் அடுத்ததில், வாயை அடைக்க ஒரு மிட்டாய் கொடுத்தாள். பல் டாக்டரே தன் கையால் மிட்டாய் கொடுக்கிறாரே என்று மாஸ்டர் நெகிழ்ந்துபோய் வாங்கிக்கொண்டார். மிட்டாயோடு சேர்த்துக் கொட்டினபோது இன்னும் கணீரென்று கேட்டது.

"நான் என்ன தப்பு பண்றேன், மாஸ்டர்?"

"தப்பே இல்லம்மா. நல்லாத்தான் ஓட்டுற. இந்த சீட்டுல உட்கார்ந்தா என் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. உன் கார்ல என் பக்கம் பிரேக் வேற இல்ல."

கீழே பார்த்தாள். அவர் மிதித்த மிதியில் கால்மிதி சுருண்டு கிடந்தது.

கொட்டகை வாசலில் நின்ற அண்ணன், நடந்து போயிருந்தால் இதற்குள் வந்து சேர்ந்திருக்கலாம் என்று கத்தினார். அவளுக்கு அழுகை முட்டியது. காரை நிறுத்தி இறங்கி, கை ஓடவில்லை, ஒரு சுற்று நீங்களே ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தார். இத்தனை வருடமாகக் காரில் பயப்பட வேண்டிய வேலை பக்கத்து சீட்டில் இருந்தவருடையது, அதாவது அவருடையது. அந்த வேலை இப்போது டாக்டரம்மாவிடம் போய்விட்டது. பிடிச்சுக்கம்மா என்றார்.

அதன் பிறகு நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். முதுகு சீட்டோடு ஒட்டியது. கொட்டகை எங்கோ இடப்பக்கமாக ஓடி மறைந்தது. அவளே உச் கொட்டினாள். மாஸ்டரின் கால் அசையவில்லை. அந்தச் சத்தத்துக்கு அடங்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கார் நின்றபோது அவர் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஓடி வந்தார். முகத்தில் கேலி இல்லை. அந்தக் கூட்டத்தில் சாட்சியோடு செல்லுபடியான பெரிய வேகம் அவருடைய நூற்று எழுபதுதான்.

"எவ்வளவு போச்சு? நீதானே பக்கத்துல இருந்த, சொல்லு."

நூற்று எழுபத்தைந்து என்று சொன்னால் போதும், அண்ணன் அன்றோடு அடங்கிவிடுவார். நாக்கு நுனி வரை வந்தது. ஆனாலும் அவள் உண்மையைச் சொன்னாள்.

"நான் கண்ணை மூடிட்டேன்."

"மாஸ்டர், நீங்களாவது பார்த்தீங்களா?"

"நான் எதுக்குத் தம்பி முள்ளைப் பார்க்கிறேன்? ரோட்டைப் பார்த்தேன்."

அண்ணனுக்கு உயிர் வந்தது. சாட்சிக்கு உட்கார்ந்தவள் கண்ணை மூடிக்கொண்டாளாம் என்று கொட்டகை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்ப நீ போய் உட்காரு, அண்ணா. கண்ணைத் திறந்து பார்த்துட்டு வா."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சிரித்த வாயை மூடிக்கொண்டு ஏறினார்.

கார் கொட்டகையைக் கடந்தபோது உள்ளிருந்து நீளமாக ஓர் உச் கேட்டதாக எலக்ட்ரீஷியன் பிற்பாடு அடித்துச் சொன்னார். திரும்பி வந்து நின்றதும் அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு செருப்பு காருக்குள்ளேயே தங்கிவிட்டது. யாரோ நீட்டிய டீயில் பாதி சட்டைக்குப் போனது.

"முள்ளைப் பார்த்தியா, அண்ணா?"

அண்ணன் மிச்ச டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பொதுவாக அறிவித்தார். சாட்சி கீட்சியெல்லாம் இனி வேண்டாம். நாம் என்ன கோர்ட்டா நடத்துகிறோம், ஒருத்தரை ஒருத்தர் நம்பாவிட்டால் அப்புறம் என்ன கூட்டம்? யாரும் மறுக்கவில்லை. அடுத்து யார் வர்றீங்க என்று கேட்டபடி மாஸ்டர் சாவியோடு காத்திருந்தார். எல்லாருக்கும் அவசரமாக டீ தேவைப்பட்டது.

அண்ணன் செருப்பில்லாத காலால் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உட்காரு. நூத்தி நாப்பதுல போனியே, எப்படி இருந்துச்சு?"

அவள் உட்கார்ந்தாள். ஒரு மாதமாகக் காத்திருந்த கதை, அவசரப்படுத்த மனம் வரவில்லை. அன்று காலையில் டயருக்குக் காற்று பிடித்ததிலிருந்து ஆரம்பித்தாள்.