பூனைச் சோதனை

"வால் மட்டுமாவது மிச்சம் இருந்துச்சா?"

"சிரிக்காத மாஸி. பெஸ்ஸி கொன்னது பதினோரு வயசுப் பூனை. நாயை வளக்க எடுத்தாங்களே, அந்த வீட்டுச் சின்னப் பொண்ணு அதைக் கட்டிப்பிடிச்சுட்டுத்தான் தூங்குமாம். செருப்பு டப்பாவுல வச்சுப் புதைச்சிருக்காங்க."

"நான் எங்க சிரிச்சேன்? வாய்தான் கோணுது. நாயை யாரு கொண்டாந்து விட்டது?"

"அந்த வீட்டம்மாதான், கார்க் ஊர்லேர்ந்து மழையில ஓட்டிட்டு வந்து. கயித்தை என் கையில குடுத்துட்டு, 'உங்களை நம்பினோம்'னு ஒரே வார்த்தை. நல்லா நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடத் தேவலை."

டிம்ப்னா அடுப்பைக் கிளறிவிட்டாள். தேநீர் ஊற்றி வைத்துக் கால்மணி நேரம் ஆகியும் இருவருமே கோப்பையைத் தொடவில்லை. வேங்கை வரி போட்ட கிரேஹவுண்ட் நாய் பெஸ்ஸி, காதுக்குள் பச்சை குத்திய எண்களோடு, வாசற்படியருகே நின்றுகொண்டிருந்தது. எலும்பும் நரம்புமாய், எந்த நேரமும் ஏதோ ஒரு கதவு திறக்கும் என்று காத்திருப்பதைப் போல.

அயர்லாந்தின் டிப்பரரியில் கல்லை எறிந்தால் ஒரு பந்தய நாயின் மேல் விழும். இல்லாவிட்டால் அதன் மேல் பந்தயம் கட்டியவன் தலையில் விழும். கால் தளர்ந்த நாய்களைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஒன்பது வருடமாக டிம்ப்னா அந்த நாய்களுக்கு வீடு தேடித் தருகிறாள். இரண்டு வயல் தள்ளி நாய்களைப் பழக்குகிறவன் மாஸி டூஹி. வேகம் குறைந்ததும் நாயைத் தானே வண்டியில் ஏற்றி அவள் வாசலுக்குக் கொண்டுவருவான். மற்றவர்கள் அதைக்கூடச் செய்வதில்லை.

அவளிடம் ஒரு விதி உண்டு. பிஷப்பின் முன்னால் நிற்காமல் எந்த நாயும் ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது. பிஷப் என்பது அவளுடைய கறுப்பு வெள்ளைப் பூனை. அடுப்போர நாற்காலியில் அது உட்கார்ந்து பாதத்தை நக்கும். வாய்க்கூடு மாட்டிய நாயை எதிரே நிறுத்துவார்கள். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தேறியது.

பத்து நாளுக்கு முன் பெஸ்ஸி தேறியது. நீளமான பிரசங்கம் கேட்கிறவனைப் போலக் கண் செருகி நின்றது. டிம்ப்னா சிரித்துக்கொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது அவள் மறுபடியும் வாய்க்கூட்டை மாட்டி, கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, பெஸ்ஸியை நாற்காலியின் முன் கொண்டுவந்தாள். பெஸ்ஸி குரைக்கவில்லை. கழுத்திலிருந்து வால்வரை தோல் மட்டும் சிலிர்த்து ஓடியது, காற்றடித்த குளம் போல. இருநூறு நாய்களைப் பார்த்துச் சலித்த பிஷப் முதல்முறையாக எழுந்து, பாத்திர அலமாரியின் உச்சிக்குத் தாவியது.

டிம்ப்னா திரும்பினாள். அன்றைக்கு பெஸ்ஸியைக் கூட்டி வந்தவன் மாஸி.

"அன்னிக்கு இதுக்கு என்ன குடுத்த?"

"என்ன குடுத்தேன்?"

"மாஸி."

அவன் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுகிறவனைப் போலப் பார்த்தான். "பாதி மாத்திரை. ஹாலோவீன் பட்டாசுக்கு மிரளுற நாய்ங்களுக்கு மிருக வைத்தியர் குடுப்பாரே, அது. வெண்ணெய் தடவின ரொட்டியில வச்சு. பாதிதான்."

"உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? ஒரு கொழந்தையோட பூனை!"

"இருக்கிற அறிவை வச்சுத்தான் செஞ்சேன். ஒண்ணு கேக்கறேன், சொல்லு மகராசி. உன் பிஷப் வேண்டாம்னு சொன்ன நாயெல்லாம் எங்க போச்சுன்னு ஒன்பது வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கியா?"

அவள் கேட்டதில்லை. தேறாத நாய்களின் படிவங்களைக் கீழ் இழுப்பறையில் போட்டுவிடுவாள். நாயை அவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். ஒருமுறை அவன் வீட்டுக் கேட்டில், தேறாமல் போன ரஸ்டி நாயின் சிவப்புக் கழுத்துப்பட்டை மட்டும் தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். அன்று மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாள்.

"ஆறு நாயி. பேரு சொல்லவா?"

"வேண்டாம்."

"அதான் கேட்டேன்."

"பூனை இல்லாத வீடாப் பாக்கறேன். மூணு வாரம் குடு."

"ரஸ்டிக்கும் மூணு வாரம்னுதான் சொன்ன. ரெண்டு மாசம் வச்சிருந்தேன். என் கொட்டில்ல எட்டுக் கூண்டு, எட்டும் ஓடற நாயி. வீட்டுக்குள்ள விடலாம்னா என் பொண்டாட்டி கார்மல் மூணு பூனை வளக்குறா. உன்கிட்ட இடம் இருக்கா?"

அவளிடமும் இல்லை. ஐந்து கூண்டிலும் ஐந்து நாய்கள். வீட்டுக்குள் பிஷப். தவிர, இனி பெஸ்ஸியின் படிவத்தில் 'பூனையைக் கொன்றது' என்று அவளே எழுதியாக வேண்டும். அதைப் படித்துவிட்டு யார் கூப்பிடுவார்கள்?

கார்க்கிலிருந்து முதல் வாரம் வந்த படம் இன்னும் அவள் போனில் இருந்தது. சோபாவில் நான்கு காலும் மேலே, வயிற்றின் மேல் அந்தச் சின்னப் பெண்ணின் போர்வை. ஒன்பது நாள். அவனுடைய பொய் பெஸ்ஸிக்கு ஒன்பது நாள் சோபாவைக் கொடுத்தது. தன்னுடைய நேர்மை அந்த ஆறு நாய்களுக்கு என்ன கொடுத்தது?

பெஸ்ஸி அவள் முழங்காலில் தன் எடை முழுவதையும் சாய்த்துக்கொண்டது. அந்த இனத்தின் பழக்கம் அது. யார் என்று பார்க்காது, சாய்ந்துகொள்ளும்.

மாஸி குனிந்து வாய்க்கூட்டை அவிழ்த்தான். அவளைப் பார்க்காமல் பேசினான்.

"வியாழக்கிழமை வைத்தியர் என் கொட்டிலுக்கு வர்றாரு. கடைசி ஊசி போடறப்ப தலையை மடியில வச்சுக்க ஒரு ஆள் வேணும். ஆறு தடவையும் நானே வச்சுக்கிட்டேன்."

மழை ஓட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவை நீ வா, டிம்ப்னா."